ஒரே அரசின் இரு கைகள்

ஓர் அரசு தன் குடிமக்களைச் சென்றடையும் வழிகள் பலவாகும். வரி அறவிடுவோராகவும், காணி அளப்போராகவும், வாக்காளர் இடாப்பைத் திருத்துவோராகவும் அது மக்களிடம் வருகின்றது. இலங்கையின் வடமேற்குக் கரையிலே, வென்னப்புவவிலிருந்து கற்பிட்டி வரை நீளும் புத்தளம் மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களில், பெண்களிடம் அரசு வருவது பெரும்பாலும் மருத்துவமாதின் உருவிலேயாகும். கையிற் பையும் பதிவேடும் ஏந்தி, மணல் ஒழுங்கைகளினூடாக வீடு வீடாகச் செல்லும் அவளை ஊரார் ‘மிஸ்’ என்றே அழைப்பர். அமைச்சரின் பெயரை அறியாத பெண்ணும் அவளை அறிவாள். இரண்டாயிரம் முதல் நான்காயிரம் பேர் வரை வாழும் ஒரு பிரிவு அவள் பொறுப்பில் விடப்பட்டுள்ளது.

இக்கரையில் வாழும் மக்கள் ஓரினத்தவரல்லர்; ஒரு சமயத்தவருமல்லர். மாரவில, வென்னப்புவப் பகுதிகளிற் கத்தோலிக்க மீனவர் செறிந்து வாழ்கின்றனர். உடப்பிலே திரௌபதையம்மனை வழிபடும் தமிழ் மீனவர் உளர். கற்பிட்டியும் புத்தளமும் முஸ்லிம் மக்களின் தொன்மையான உறைவிடங்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவும் இங்கேயே அடைக்கலம் புகுந்தன. மருத்துவமாது இவ்வெல்லா வீடுகளின் படிகளையும் ஏறுபவள். தகுதியுடைய குடும்பங்களின் பதிவேட்டிலே ஒவ்வொரு மனைவியின் வயது, பிள்ளைகளின் தொகை, அவள் கைக்கொள்ளும் குடும்பத் திட்டமிடல் முறை ஆகிய யாவும் எழுதப்பட்டுள்ளன. ஒரு பெண் கருவுற்றால், எட்டு வாரங்கள் நிறையுமுன்னரே அவளைப் பதிவு செய்ய வேண்டுமென்பது மருத்துவமாதுக்கு இடப்பட்ட பணி.

இப்பணியின் பயன் சிறிதன்று. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. 1968இல் குடும்ப சுகாதாரப் பணியகம் அமைந்தது. 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்களுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த இந்நாட்டிலே, அண்மைக் காலத்தில் அத்தொகை முப்பதையொட்டிய அளவுக்குக் குறைந்துள்ளது. செல்வ நாடுகளும் வியந்து நோக்கிய இச்சாதனைக்குப் பெரிய மருத்துவமனைகள் மாத்திரமே காரணமல்ல. வீட்டு வாசலில் நின்று, “பிள்ளை, கிளினிக்குக்கு வந்தீங்களா?” என்று கேட்ட இம்மாதரின் உழைப்பும் காரணமாகும். தாயின் உயிர் அரசின் பொறுப்பு என்னும் கொள்கையை இந்நாடு செயலிற் காட்டியுள்ளது என்பதில் ஐயமில்லை.

இஃது அரசின் ஒரு கை. அதே அரசுக்கு மற்றொரு கையும் உண்டு. அது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. பெண்ணின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்துடனன்றி அவளது கருவைச் சிதைப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையோ, தண்டப் பணமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கருவின் துடிப்பு உணரப்பட்ட நிலையாயின் தண்டனை ஏழாண்டு வரை நீளும். கருவைத் தானே சிதைத்துக் கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குள் அடங்குவாள் என அதன் விளக்கம் கூறுகின்றது. உயிருக்கு ஆபத்து என்னும் ஒரேயொரு விலக்கைத் தவிர வேறெந்த விலக்கும் அதில் இல்லை. வல்லுறவினால் உண்டான கருவாயினும், முறைகேடான உறவால் உண்டான கருவாயினும், பிறந்த பின் வாழவே இயலாத கருவாயினும் சட்டம் அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

இவ்விரு கைகளும் ஒரு பெண்ணின் வாழ்வில் எவ்வாறு சந்திக்கின்றன என்பதைக் கற்பிட்டிக் குடாநாட்டில் வாழும் மீனவப் பெண்ணொருத்தியின் கதை காட்டும். அவளுடைய பெயரோ ஊரோ இங்கு வேண்டியதில்லை. அவள் மூன்று பிள்ளைகளின் தாய், கணவன் கடற்றொழிலாளி. பருவக்காற்று மாறும்போது தொழிலும் இடம் மாறும். கரையிலுள்ள குடும்பங்கள் வாடி அமைத்து வேறிடத்திற் சில மாதங்கள் தங்குவதுண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இடப்படும் கருத்தடை ஊசியையே அவள் பெற்று வந்தாள். ஒரு பருவத்திலே வாடிக்குச் சென்றவளால் குறித்த நாளில் கிளினிக்குக்கு வர இயலவில்லை. திரும்பி வந்தபோது நான்காவது கரு வயிற்றிலிருந்தது. கடைக்குட்டிக்கு அப்போது பதினொரு மாதம். கடன்பட்டு வாங்கிய வெளியிணைப்பு இயந்திரத்தின் தவணையும் தீர்ந்திருக்கவில்லை.

அவள் முதலிற் போனது மருத்துவமாதிடமேயாகும். போவதற்கு வேறு யார்தான் இருந்தனர்?

“மிஸ்தானே ஊசி போட்டீங்க. ஒருக்கா தவறிட்டுது. இப்ப மிஸ்ஸே ஒரு வழி சொல்லுங்க.”

“அதப் பத்தி மட்டும் என்னட்டக் கேக்காதீங்க, பிள்ளை. நான் அரசாங்கத்து ஆள். பதிஞ்சு விடுறன், கிளினிக்குக்கு வாங்க.”

மருத்துவமாது இரக்கமற்றவளல்லள். அந்தப் பெண்ணின் மூன்று பிரசவங்களையும் அவளே கண்காணித்தவள். வேறு விடை கூறியிருப்பின் அவள் தொழிலையும் விடுதலையையும் இழக்க நேர்ந்திருக்கும். ஆகவே ஊசி இடும் வரையும், பிள்ளையை நிறுக்கும் வரையும், இரும்புச்சத்து வில்லை கொடுக்கும் வரையும் திறந்திருந்த கதவு, பெண்ணுக்கு அறிவுரை மிகவும் வேண்டப்பட்ட அந்த நாளில் அடைபட்டது. அவள் கிளினிக்குக்கு மீண்டும் போகவில்லை. பச்சைப் பப்பாசியும் அன்னாசியும் உண்டு பார்த்தாள், பயனில்லை. பின்னர் உறவினள் ஒருத்தியின் துணையுடன் பேருந்தேறி நகரத்துக்குச் சென்று, அடகு வைத்த தோட்டின் விலையை யாரோ ஒருவரிடம் கொடுத்துத் திரும்பினாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. வைத்தியசாலைக்குச் சென்றால் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அவள் அஞ்சினாள். மேலும் இரண்டு நாட்களை அவ்வச்சம் விழுங்கிற்று. ஈற்றில் நினைவிழந்த நிலையிலேயே அவள் கொண்டு செல்லப்பட்டாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகக் கணவன் கூறினான். வைத்தியர் மேலும் வினவாது சிகிச்சை செய்தார். அவள் உயிர் தப்பினாள். ஆயினும் கருப்பையை அகற்ற நேர்ந்தது. சில வாரங்களின் பின் மருத்துவமாது அவ்வீட்டுக்கு வந்து, பதிவேட்டிலே ‘கருச்சிதைவு’ என்ற ஒரு சொல்லை எழுதிச் சென்றாள். தானாக நிகழ்ந்த சிதைவுக்கும் அச்சத்தாலும் வறுமையாலும் நிகழ்ந்த கலைப்புக்கும் அப்பதிவேட்டில் ஒரே பெயர்தான். நாட்டின் பெண்களைப் பற்றி அரசு திரட்டி வைத்துள்ள சிறந்த ஆவணம், அவர்களுள் ஒரு பகுதியினரைப் பற்றிப் பொய் கூறும்படி அவ்வரசின் சட்டமே செய்துவிட்டது.

இப்பெண்ணின் நிலை தனியொருத்தியின் நிலையன்று. 1990களின் பிற்பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, இந்நாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 650 கருக்கலைப்புக்கள் நிகழ்வதாக மதிப்பிடப்பட்டது. மறைவில் நிகழ்வதை எண்ணுவது அரிதாகையால் அதனை மதிப்பீடு என்றே கொள்ளல் வேண்டும். எனினும் தாய்மார் இறப்புக்கான காரணங்களுள் பாதுகாப்பற்ற கருக்கலைப்பும் ஒன்றாகத் தொடர்ந்து இடம்பெற்று வருவதைச் சுகாதாரத் துறையே ஏற்றுள்ளது. சட்டம் தடுப்பதற்காக ஏற்பட்டதெனின், அது தடுக்கவில்லை என்பது இதனாற் புலனாகும். அது செய்வதெல்லாம் பெண்களை இரு வகுப்பினராகப் பிரிப்பதே. பணமுடையவள் விமானமேறி வெளிநாட்டில் முறையான மருத்துவரை நாடுகிறாள். அன்றேல் உள்நாட்டிலேயே வாய்திறவாத மருத்துவரைக் காண்கிறாள். வாடியிற் கருவாடு உலர்த்துபவளும், நுரைச்சோலையில் வெங்காயத் தோட்டத்திற் கூலி செய்பவளும், புத்தளத்து உப்பளத்தில் உழைப்பவளும் கள்ளச் சந்தை மாத்திரையையும் பெயரறியாதவர் கையையும் நம்ப வேண்டியவராகின்றனர். 303ஆம் பிரிவு எல்லாருக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டது. ஆயினும் அதன் பாரம் ஏழையின் மீதே இறங்குகின்றது.

இன்னும் இரு வகைப் பெண்களை இக்கரை அறியும். ஒருத்தி மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றவள். இம்மாவட்டத்திலிருந்து அவ்வாறு சென்றோர் பலர். அவர்கள் அனுப்பிய பணத்திலே எழுந்த கல்வீடுகளைக் கற்பிட்டிச் சாலையின் இருமருங்கிலும் காணலாம். அவர்களுட் சிலர் சென்ற வீட்டிலே வன்கொடுமைக்குள்ளாகிக் கருவுடன் திரும்பி வருகின்றனர். கணவனிடம் உண்மையைச் சொல்ல இயலாத அவர்களுக்கு நாட்டின் சட்டம் கூறும் விடை, ‘பெற்றெடு, அல்லது சிறைக்குச் செல்’ என்பதே.

மற்றவள் பதினாறு வயது நிரம்பாத சிறுமி. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டத் திருத்தம் பாலுறவுக்கான இசைவு வயதைப் பன்னிரண்டிலிருந்து பதினாறாக உயர்த்தியது. முறைகேடான உறவைத் தனிக்குற்றமாக்கியது. வல்லுறவுக்குக் குறைந்தது ஏழாண்டும் கூடியது இருபதாண்டும் சிறைத் தண்டனை விதித்தது. இது போற்றத்தக்க சீர்திருத்தமே. ஆனால் அச்சிறுமிக்கு இழைக்கப்பட்டது பெருங்குற்றம் என்று கூறும் அதே சட்டக்கோவை, அக்குற்றத்தின் விளைவை ஒன்பது மாதம் அவளே சுமக்க வேண்டுமென்றும், மறுப்பின் அவளும் குற்றவாளியே என்றும் கூறுகின்றது. பாடசாலைச் சீருடையில் இருக்க வேண்டியவள் மகப்பேற்று விடுதியில் இருக்கிறாள். அவளைக் கெடுத்தவனின் வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீளுகின்றது.

கரு உண்டாகு முன்னரே தடுக்கும் வழி ஒன்றுண்டு; அது அவசரக் கருத்தடை வில்லை. லெவோனோஜெஸ்ட்ரல் என்னும் இயக்குநீர் 1.5 மில்லிகிராம் அடங்கிய இவ்வில்லையைப் பாதுகாப்பற்ற உறவின் பின் 72 மணித்தியாலத்துக்குள் உட்கொள்ள வேண்டும். விரைந்து உட்கொள்ளுந்தோறும் பயன் மிகும். இது முட்டை வெளிப்படுதலைப் பிற்படுத்துவதாற் செயற்படுகின்றது. ஏற்கெனவே பதிந்துள்ள கருவை இது கலைப்பதில்லை. இலங்கையில் இதனை விற்பது குற்றமன்று. ஆயினும் இதனையும் கருக்கலைப்பையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் பரவலாகவுள்ளது. சிற்றூரின் ஒரே மருந்தகத்தில், உறவினரும் அயலவரும் நிற்கும் வேளையில், மணமாகாத பெண்ணொருத்தி அவ்வில்லையைக் கேட்டு வாங்குவது எளிதன்று. மருத்துவமாதின் வீட்டுத் தரிசிப்பும் பெரும்பாலும் மணமானவர்களையே நாடுகின்றமையால், அவளுக்கு இவ்வறிவை ஊட்டுவாரும் அரியர்.

சட்டத் தடை இல்லாமலே ஒரு மருந்து மக்களுக்கு எட்டாப் பொருளாகலாம் என்பதற்குக் கடலுக்கப்பாலுள்ள தமிழ்நாடே சான்று. இந்திய மத்திய அரசு 2005இல் இவ்வில்லையை மருந்துச் சீட்டின்றி விற்க அனுமதித்தது. ஆயினும் அடுத்த ஆண்டையொட்டித் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளிலிருந்து அது மறையத் தொடங்கிப் பல ஆண்டுகள் அரும்பொருளாகவே இருந்தது. ஹொண்டூராஸ் நாடு 2009இல் இதனை வெளிப்படையாகவே தடை செய்து, 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே அத்தடையை நீக்கியது. கலைப்பையும் தடுத்து, கலைப்புக்கு இடமில்லாதபடி காக்கும் வில்லையையும் தடுப்பவர்கள் உண்மையில் எதனைக் காக்க முயல்கின்றனர் என்ற வினா இங்கு எழுகின்றது.

303ஆம் பிரிவின் பிறப்பை நோக்குமிடத்து மற்றோர் உண்மை தெளிவாகும். இது இந்நாட்டுச் சமயங்களிலிருந்தோ, தேசவழமையிலிருந்தோ, கண்டியச் சட்டத்திலிருந்தோ வந்ததன்று. மெக்காலே வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியே, விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தின் எண்ணம் இக்கரைக்கு வந்தது. அதைத் தந்த இங்கிலாந்து 1967ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தால் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது. இந்தியா 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றியது. வல்லுறவு, கருவின் கடுங்குறை, தாயின் உடல் உள நலம் ஆகியவற்றோடு, கருத்தடை முறை பயன் தராமற் போதலும் அச்சட்டத்திலே தக்க காரணமாக ஏற்கப்பட்டது. 2021இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. கற்பிட்டி மீனவப் பெண் மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தூத்துக்குடியில் பிறந்திருப்பாளாயின், தவறிய ஊசியைக் காரணங்காட்டி அரசு மருத்துவமனையிலேயே உதவி கோரியிருக்கலாம். ஒரே மூலத்திலிருந்து பிறந்த இரு சட்டங்களில் ஒன்று மட்டும் 1883இலேயே நின்றுவிட்டது.

மாற்றுவதற்கு முயற்சிகள் நடைபெறாமலில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்த மசோதாவில் வல்லுறவு, முறைகேடான உறவு, கருவின் குறை ஆகியவற்றுக்கு விலக்களிக்கும் ஏற்பாடும் முதலில் இருந்தது. பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் அப்பகுதி மட்டும் கைவிடப்பட்டது. 2017இல் நீதியரசர் புவனேக அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரையையொட்டி மீண்டும் வரையறுக்கப்பட்ட விலக்குகள் முன்வைக்கப்பட்டன. கத்தோலிக்க ஆயர்களும் வேறு சமயத் தலைவர்களும் எதிர்த்தனர். முயற்சி கிடப்பிற் போடப்பட்டது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றது. அச்சமவாயத்தின் குழுவும் 2017இல் இத்தகைய விலக்குகளை வழங்குமாறு இலங்கையை வேண்டிற்று. சட்டமோ அசையவில்லை.

எதிர்ப்போரின் வாதத்தை எளிதிற் புறந்தள்ளுதல் தகாது. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமாக அமைவதற்கு முன்னரே ஆலயமும் கடலும் வாழ்வின் இரு துருவங்களாயிருந்த கரை இது. கருவும் உயிரே, அதனைக் காப்பது அறம் என்று நம்பும் தாய் இங்கு உண்மையாகவே நம்புகிறாள். அந்நம்பிக்கையோடு குறையுள்ள மகவையும் அன்போடு பெற்று வளர்க்கும் பெண் வணக்கத்துக்குரியவள். அவளை எந்தச் சீர்திருத்தமும் தடுக்கப் போவதில்லை. அவள் உரிமையும் காக்கப்படல் வேண்டும். இங்கு எழும் வினா வேறு. ஒருவரின் மனச்சான்றுக்கு உரிய முடிவை மற்றொருவர் மீது சிறைச்சாலையின் துணைகொண்டு சுமத்தலாமா என்பதே அவ்வினா. சமயப் பற்று மிக்க நாடுகளும் இதற்கு விடை கண்டுள்ளன. முஸ்லிம் நாடாகிய துனீசியா 1973இலேயே தன் சட்டத்தைத் தளர்த்தியது. கத்தோலிக்க அயர்லாந்திலே 2012ஆம் ஆண்டு, கருநாடகத்திற் பிறந்த பல் மருத்துவரான சவிதா ஹலப்பனவர், கருச்சிதைவு தவிர்க்க முடியாததான பின்னும், கருவின் இதயத் துடிப்பு நிற்கவில்லை என்ற காரணத்தால் அவர் கோரிய சிகிச்சை மறுக்கப்பட்டு, குருதி நஞ்சாகி இறந்தார். உயிருக்கு ஆபத்து வந்தாற் போதும், சட்டம் காக்கும் என்னும் வாதம் எத்துணை மெலிந்ததென்பதை அவ்விறப்பு உலகுக்குக் காட்டியது. ஆபத்து எப்போது ஆபத்தாகிறது என்று மருத்துவர் சட்டப் புத்தகத்தைப் பார்த்து நிற்கையில் நேரம் கடந்துவிடுகின்றது. 2018ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு மக்களே வாக்களித்து அரசியலமைப்பிலிருந்த தடையை நீக்கினர்.

மறுபுறம், ருமேனியா 1966இல் கருக்கலைப்பைக் கடுமையாகத் தடை செய்தது. பிறப்பு வீதம் சிறிது காலம் உயர்ந்து மீண்டும் வீழ்ந்தது. தாய்மார் இறப்போ ஐரோப்பாவிலேயே மிகக் கூடியதாயிற்று. 1989ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்சி வீழ்ந்தவுடன் முதலில் நீக்கப்பட்ட சட்டங்களுள் அதுவும் ஒன்று. அதன்பின் தாய்மார் இறப்பு விரைந்து குறைந்தது. தடை பெண்களின் தேவையைக் குறைப்பதில்லை. அவர்கள் பிழைக்கும் வாய்ப்பையே குறைக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே சட்டமியற்றுவோர் செய்ய வேண்டியவை மிகப் பெரியனவல்ல. வல்லுறவாலும் முறைகேடான உறவாலும் கருவுற்றவளுக்கும், பதினாறு வயது நிரம்பாத சிறுமிக்கும், வாழவியலாத கருவைச் சுமப்பவளுக்கும் உடனடியாக விலக்களித்தல் வேண்டும். எந்நிலையிலும் பெண்ணையே குற்றவாளியாக்கும் விளக்கத்தை நீக்குதல் வேண்டும். அவசரக் கருத்தடை வில்லையைப் பற்றிய அறிவை மணமான பெண்ணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும் கிளினிக்கிலேயே வழங்கல் வேண்டும். தவறிய ஊசியைப் பற்றிப் பேச வந்த பெண்ணிடம் அஞ்சாது பேசும் உரிமையை மருத்துவமாதுக்கு அளித்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் எந்தப் பெண்ணையும் கருவைக் கலைக்கும்படி கட்டாயப்படுத்தாது. எந்த ஆலயத்தின் போதனையையும் தடை செய்யாது.

நூறாண்டு உழைத்துத் தாய்மாரின் நம்பிக்கையை ஈட்டிய ஒரு நாடு, அந்நம்பிக்கையை ஒரு குடியேற்றக் காலப் பிரிவுக்காக இழந்து நிற்றல் முறையாகாது. பிள்ளை பெறும் பெண்ணை வாழ்த்தும் அரசு, பெற இயலாத பெண்ணையும் தன் குடிமகளாகவே காண வேண்டும். புத்தளக் கரையின் பதிவேடுகளில் ‘கருச்சிதைவு’ என்று எழுதப்பட்டுள்ள பெயர்களுள் எத்தனை பெயர்கள் உண்மையை மறைத்து நிற்கின்றன என்பதை இன்று எவரும் கூற இயலாது. அவ்வுண்மையைச் சொல்வதற்கு ஒரு பெண் அஞ்ச வேண்டியிருக்கும் வரை, 303ஆம் பிரிவை எதிர்த்தல் மனிதநேயமுடைய ஒவ்வொருவரின் கடமையுமாகும்.